61ஆவது யூனிட்

நாங்கள் ஐந்து பேரும் கலைப்பீடம். ஓ.எல். சோதினையோடு கணக்குப் பாடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்த ஆக்கள். கறண்ட் பில்லைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவம் எண்டு முந்தி ஆரும் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டம்.

இருப்பது திருநெல்வேலியில், கம்பஸுக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு வீட்டின் அனெக்ஸில். முன் வீட்டில் வீட்டுக்கார அன்ரியும் அவவின்ர அம்மாவும். மின்சார சபையின் மீற்றர் ஒன்றுதான், அது முன் வீட்டுச் சுவரில். எங்கட பக்கத்துக்கு அன்ரி ஒரு சப் மீற்றர் பூட்டியிருக்கிறா. மாதம் முடிய அதைப் பார்த்து யூனிட்டுக்கு 30 ரூபா வீதம் வாங்குவா. முந்தி இருந்த பிள்ளைகளோடு பேசி வைத்த விலை அது.

ஒருநாள் இரவு எங்களில் ஒருத்தி போனில் கட்டண அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். “எடியே, 8 ரூபாச் சாமானை அன்ரி எங்களுக்கு 30 ரூபாவுக்கு விக்கிறா!”

அவ்வளவுதான். அன்ரி இல்லாத ஒரு வட்ஸ்அப் குழு உடனே திறக்கப்பட்டது. கையில் ஆதாரத்தோடு போய்க் கேட்பது என்று முடிவு. விஞ்ஞானபீடத்தில் கணினி படிக்கிற சிநேகிதன் ஒருத்தனைப் பிடித்து, மீற்றர் இலக்கத்தைப் போட்டால் பில் எவ்வளவு வரும் என்று சொல்லுகிற சின்ன அப் ஒன்று செய்யச் சொன்னோம். “செய்யலாம். முதல்ல விலையைத் தாங்கோ” என்றான்.

விலையைக் கொடுக்கப் போன இடத்தில்தான் எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்பது விளங்கியது.

நாங்கள் ஒரு யூனிட்டுக்கு ஒரு விலை இருக்கும் என்று நினைத்திருந்தோம். அப்படி ஒன்று இல்லை. 2025 ஜூன் 12 முதல் வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள் (கீழே வரும் எங்கட கணக்கெல்லாம் அந்த விலையில், வரி சேர்க்காமல்). மாதம் 60 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 30 யூனிட் 4.50 ரூபா, அடுத்த 30 யூனிட் 8 ரூபா, நிலையான கட்டணம் 210 ரூபா. 60 யூனிட்டுக்கு மொத்தம் 585 ரூபா.

இப்ப ஒரு யூனிட் கூட்டிப் பாருங்கள். 60ஐத் தாண்டினால் அந்த 4.50உம் 8உம் இல்லை. முதலாவது யூனிட்டில் இருந்தே 12.75 ரூபா. 61ஆவது யூனிட் 18.50. நிலையான கட்டணம் 400. மொத்தம் 1,183.50 ரூபா. அந்த ஒரு யூனிட்டுக்காக மட்டும் 598.50 ரூபா கூடுகிறது. 90ஐத் தாண்டினால் யூனிட் 24 ரூபா, நிலையான கட்டணம் 1,000. 120க்குப் பிறகு 41 ரூபா, 180க்குப் பிறகு 61 ரூபா என்று படி ஏறிக்கொண்டே போகும்.

இன்னொன்று. இந்தப் படிகள் 30 நாளுக்கானவை. மீற்றர் பார்க்கிறவர் 32 நாளில் வந்தால் 60 என்பது 64 ஆகும். அதனால் மாதக் கணக்கை விட்டு நாள் கணக்கில் பார்ப்பதுதான் சுகம். ஒரு நாளைக்கு 1, 2, 3, 4, 6 யூனிட். இந்த ஐந்து இலக்கங்களும்தான் படிகள். கடைசியாக மீற்றர் பார்த்த நாளில் இருந்து எத்தனை யூனிட் ஓடியிருக்கிறது என்று பார்த்து, நாட்களால் பிரித்தால் நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று தெரியும். இதற்கு அப் கூடத் தேவையில்லை.

விலைக்குத் திகதியும் வேணும். அதே 60 யூனிட்டுக்கு 2022 ஓகஸ்ட் வரை 280.50 ரூபா. அந்த ஓகஸ்டில் 780 ஆனது. 2023 பெப்ரவரியில் 2,560. பிறகு பல தடவை இறங்கி ஏறி 585க்கு வந்து நின்றது. 2,560 ரூபாக் காலத்தில் எங்களில் ஒருத்தியின் முல்லைத்தீவு வீட்டில் பிரிட்ஜை நிப்பாட்டி, அதுக்குள் பாடப் புத்தகங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். விலை மாறுகிற ஒவ்வொரு முறையும் அட்டவணையைப் பார்த்துக் கையால்தான் அப்புக்குள் அடித்து ஏற்றினோம்.

பிரித்தானியாவில் ஒக்டோபஸ் எனர்ஜி என்ற நிறுவனத்தில் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை விலை மாறுகிற திட்டம் ஒன்று இருக்கிறதாம். அடுத்த நாள் விலைகளை முதல் நாள் பின்னேரமே வெளிவிடுவார்கள், அப்புகள் நேரடியாக வாசிக்கும், விலை குறைந்த நேரத்தில் உடுப்புத் தோய்க்கிற மெஷின் ஓடும். சிநேகிதன் இதைக் காட்டியபோது வாயைப் பிளந்தோம். இங்கேயும் நேரத்துக்கு ஏற்ற கட்டணம் ஒன்று உண்டு. பின்னேரம் 6.30 முதல் இரவு 10.30 வரை கூடிய விலை, அதன் பிறகு விடிய 5.30 வரை குறைந்த விலை. ஆனால் எங்கட மாதிரி சாதாரண வீட்டு மீற்றருக்கு எத்தனை மணிக்கு அயன் பண்ணினாலும் ஒரே விலைதான். எங்கட அப் கேட்க வேண்டிய கேள்வி ‘இப்ப எத்தனை மணி’ இல்லை, ‘இதுவரைக்கும் எத்தனை யூனிட்’.

சரி, அன்ரியின் விசயத்துக்கு வருவம். அந்த மாதம் 30 நாளில் முன் மீற்றர் 110 யூனிட். எங்கட சப் மீற்றர் 52. அப்படியென்றால் அன்ரி வீடு 58. அப் சொன்ன பில் 2,800 ரூபா. நாங்கள் கொடுத்தது 1,560. மிச்சம் 1,240 அன்ரியுடையது.

கள்ளக் கணக்கைப் பிடிக்கப் போகிறோம் என்ற சந்தோசத்தில், நாங்கள் இல்லாவிட்டால் அன்ரிக்கு எவ்வளவு வரும் என்று போட்டுப் பார்த்தோம். 569 ரூபா.

ஆரும் கதைக்கவில்லை. நாங்கள் வந்ததால் கூடிய காசு 2,231. அதை 52ஆல் பிரித்தால் யூனிட் கிட்டத்தட்ட 43 ரூபா. அன்ரி எங்களிடம் கூட வாங்கவில்லை, குறைய வாங்கியிருக்கிறா.

“அப்படியில்லை” என்றாள் பொருளியல் படிக்கிறவள். “2,800ஐ 110ஆல பிரி. 25 ரூபா 45 சதம். அப்பிடிப் பாத்தா அவ எங்களிட்டக் கூடத்தான் வாங்கிறா.” அதுவும் சரி. பிறகு மற்றவள் கேட்டாள், “நாங்கள் முதல் இருந்து, அன்ரி பிறகு வந்தா எண்டு வைச்சா?” எங்கட 52க்கு 521 ரூபா, மிச்சம் 2,279 அன்ரியின் தலையில்.

ஒரே அப், ஒரே விலை, மூன்று நியாயம். 110 யூனிட்டில் அந்த 61ஆவது ஆருடையது? மீற்றருக்குத் தெரியாது. சுவருக்குப் பின்னால் ஒரு வீடா, இரண்டு வீடா, இரண்டு பேரா, ஏழு பேரா என்றும் அதுக்குத் தெரியாது. இரண்டு மீற்றர் இருந்திருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து 1,090 ரூபாதான். ஒரே மீற்றரில் ஒட்டிக் குடியிருப்பதற்கு நாங்கள் எல்லாரும் சேர்ந்து கட்டுவது மிச்சம் 1,710.

அடுத்த நாள் அன்ரியிடம் போனோம், சண்டைக்கு இல்லை. அவ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தா. “நான் விலை கூடினதால எண்டெல்லோ நினைச்சன்” என்றா. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்ப நீங்கள் எனக்கு 43 ரூபா தரவேணுமே?” என்று கேட்டா. நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். எங்களுக்கு விருப்பமான கணக்கு 25 ரூபாக் கணக்கு.

அவவின்ர அம்மாதான் உள்ளே இருந்து சொன்னா, “குறைச்சுப் பாவியுங்கோவன் எல்லாரும்.”

தனி மீற்றர் எடுப்பது பற்றி அன்ரி விசாரிக்கிறா, அது எப்ப சரிவருமோ தெரியாது. அதுவரைக்கும் பில்லை யூனிட் கணக்கில் பிரிப்பது, எல்லாருமாக 90க்குள் நிற்பது என்று பேசியிருக்கிறோம். 90க்கு 1,720 ரூபா. எங்கட பக்கத்தில் சுடுதண்ணி வைக்கிற கொயிலை நிப்பாட்டினோம், கிழமைக்கு ஒருநாள் மட்டும் அயன். 1,000 வோட் கொயில் ஒரு மணித்தியாலம் எரிந்தால் ஒரு யூனிட். முதல் மாதம் 97இல் முடிந்தது, தோல்வி. பழைய பிரிட்ஜைப் பற்றி அன்ரியிடம் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.

இது இரண்டாவது மாதம். இண்டைக்கு 23ஆம் நாள், 68 யூனிட். பின்னேரம் அன்ரி வேலிக்கு அங்கால நின்று “பிள்ளையள், எவ்வளவில நிக்குது?” என்று கேட்டா. சொன்னோம். நாளைக்கு எங்களில் இரண்டு பேருக்குப் பிரசென்டேசன், சாறி அயன் பண்ண வேணும். அதைச் சொல்லவில்லை.