முறிந்த மரையாணி

பாம்பன் பாலத்தை நாள்தோறும் கடக்கும் வாடகை மகிழுந்துகளுக்கு முதுமை விரைவில் வந்துவிடுகிறது. இராமேசுவரத்துக்குப் பக்தர்களை ஏற்றிச் செல்லும் அவை, இருபுறமும் விரிந்த கடலின் உப்புக் காற்றில் தோய்ந்து திரும்புகின்றன. மேற்பூச்சு மின்னிக்கொண்டிருக்கும்போதே உள்ளே துரு தன் வேலையைத் தொடங்கியிருக்கும்.

அத்தகைய மகிழுந்து ஒன்று ஒரு பிற்பகலில் இராமநாதபுரத்துச் சாலையோரப் பட்டறைக்கு வந்தது. எஞ்சினில் ‘டப் டப்’ என்று புகை கசியும் ஓசை. சிலிண்டர் தலைக்கும் புகைக்குழாய்த் தொகுதிக்கும் இடையிலிருந்த கேஸ்கெட் எரிந்துபோயிருந்தது. எட்டு நட்டுகளைக் கழற்றினால் தொகுதி கைக்கு வந்துவிடும். ஏழு கழன்றன. எட்டாவது அசையவில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்து முடித்து ஓராண்டுகூட ஆகாத இளைஞன், ஸ்பேனரின் பிடியில் இரண்டடி இரும்புக் குழாயைச் செருகி அழுத்தினான். நெம்புகோல் நீண்டால் விசை பெருகும் என்று அவன் படித்திருந்தான். பாடம் பொய்க்கவில்லை. நட்டோடு மரையாணியின் பாதியும் பெயர்ந்து வந்தது. மறுபாதி சிலிண்டர் தலைக்குள்ளேயே தங்கிவிட்டது.

மறுநாள் விடியலில் மதுரையில் ஒரு குடும்பம் அந்த வண்டிக்காகக் காத்திருக்கும். முன்பணத்தை வாங்கிச் செலவழித்துவிட்ட ஓட்டுநர் தலையில் கைவைத்து அமர்ந்தார். உள்ளே சிக்கியது சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத எட்டு மில்லிமீட்டர் எஃகுத் துண்டுதான். ஆனால் அதைச் சுற்றியிருப்பது மென்மையான அலுமினியம். அதன் மரை சிதைந்தால் சிலிண்டர் தலையையே மாற்ற நேரும். அதற்கு ஓட்டுநரின் ஒரு மாத வருவாய் போதாது.

இளைஞன் வசவுக்குக் காத்து நின்றான். மூத்த மெக்கானிக் கேட்டது வேறு.

“முறியறதுக்கு முன்னாடி கைக்கு என்ன தெரிஞ்சது?”

“கழலுற மாதிரிதான் இருந்துச்சு அண்ணே. லேசா இளகுச்சு.”

“அது கழலலை, முறுக்கிக்கிச்சு.”

கழலும் ஆணி முதலில் ‘கிரீச்’ என்று ஒரு சொல் சொல்லும்; பிறகு கைக்கு வரும் எதிர்ப்பு சட்டென்று குறையும். முறுக்கிக்கொள்ளும் ஆணியோ ஓசையின்றி, களிமண்ணைத் திருகுவதுபோல் இளகிக் கொடுக்கும். எஃகு தன் மீள்திறனின் எல்லையைக் கடந்துவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி. அந்த நொடியில் கையை எடுத்திருந்தால் ஆணி ஒருவேளை பிழைத்திருக்கும். இந்த வேறுபாட்டை எந்தக் கருவியையும்விட முன்னதாக அறிவது உள்ளங்கைதான்; குழாயைச் செருகி நீட்டிய பிடியோ அந்த அறிவை மழுங்கடித்துவிடுகிறது.

துண்டின் நடுவில் துளையிட்டு, எதிர்ப்புறமாகத் திருகும் எக்ஸ்ட்ராக்டரைச் செலுத்தலாம் என்றான் இளைஞன். மூத்தவர் மறுத்தார். எக்ஸ்ட்ராக்டர் மிகக் கடினமான எஃகு. கடினமானது எளிதில் நொறுங்கும். அது உள்ளே ஒடிந்தால் சாதாரணத் துளையிடும் அலகு அதன்மேல் ஏறாது. ஒரு சிக்கலுக்குள் மற்றொன்றை வைத்துப் பூட்டியதாக முடியும்.

துண்டு வெளியே ஓரிரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. அதுவே அவருக்குப் போதுமானதாயிற்று. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒரு புதிய நட்டைத் துண்டின்மேல் பொருத்தி, அதன் துளைக்குள் வெல்டிங் வைத்தார். எஃகின் பற்றவைப்பு அலுமினியத்தில் ஒட்டாது என்பது இவ்வேலையில் கிடைக்கும் ஒரு சலுகை. நட்டு செக்கச் சிவந்தது. இரும்பு துருவாகும்போது தன் கன அளவில் இரு மடங்குக்கும் மேலாகப் பருக்கிறது. மரைகளுக்கிடையே ஆப்புபோல் இறுகிய அந்தத் துருவைச் சூடேறிய ஆணி விரிந்து நசுக்கும். ஆறும்போது சுருங்கிச் சிறிது இடைவெளி விடும். செம்மை மறைந்ததும் அவர் ஒரு மெழுகுவத்தியை ஆணியின் அடியில் தொட்டார். மெழுகு உருகி, அந்த இடைவெளி வழியே உள்ளே இழுபட்டது.

ஸ்பேனர் வைத்ததும் நட்டு தனியே பெயர்ந்து வந்துவிட்டது. ஓட்டுநர் எழுந்து சாலைப் பக்கம் போய்விட்டார். இரண்டாவது நட்டும் அவ்வாறே வந்தது. மூன்றாவதை வைத்து, அது ஆறும்வரை ஒரு தேநீர் குடித்துவிட்டு, மூத்தவர் ஸ்பேனரை இளைஞனிடம் நீட்டினார்.

“நீயே பிடி. குழாய் வேண்டாம்.”

அவன் கை நடுங்கியது. மெல்ல அழுத்தினான், உடனே நிறுத்தினான். இறுக்கும் திசையில் மயிரிழை அளவு திருப்பி, மீண்டும் கழற்றும் திசைக்கு வந்தான். ‘கிரீச்.’

“சொல்லுது அண்ணே!”

“கேட்டுச்சு. அவசரப்படாதே.”

கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, சிறிது எண்ணெய், மறுபடியும் கால் சுற்று. இதற்கிடையில் திரும்பி வந்த ஓட்டுநர், “இன்னும் கொஞ்சம் வேகமாத் திருப்பலாமே தம்பி” என்றார். “இருங்கண்ணே, இறுக்கம் தெரியுது” என்று நிமிராமலே சொன்னான் அவன். இருபது நிமிடங்களுக்குப் பின், கருகிய மெழுகும் செந்துருவும் அப்பிய துண்டு வெளியே வந்தது. மூத்தவர் விளக்கைத் தாழ்த்தித் துளைக்குள் பார்த்தார். அலுமினிய மரை முழுமையாக இருந்தது.

புதிய மரையாணிகளும் கேஸ்கெட்டும் பொருத்தி முடிக்க இரவு பத்தரை மணியானது. எஞ்சின் சீராக ஓடியது; அந்த ‘டப் டப்’ இல்லை. ஓட்டுநர் பாதிக் கூலியைக் கொடுத்து, மீதியை மதுரைப் பயணம் முடிந்ததும் தருவதாகச் சொல்லிப் புறப்பட்டார்.

இளைஞன் அந்த இரும்புக் குழாயைப் பட்டறையின் பின்புறக் குப்பைக்குக் கொண்டுபோனான்.

“அதை எங்கே எறியப் போறே? லாரிச் சக்கரம் கழட்ட வேணும், இங்க கொண்டா” என்றார் மூத்தவர்.