கடைசிப் பெட்டிக்கு ஒரு கூடு!

வேடந்தாங்கல் போறீங்களா பாஸ்? பைனாகுலர், தொப்பி, புளியோதரை எல்லாம் எடுத்தாச்சா? அப்படியே பேகுல ஒரு கோடு போடாத நோட்டையும் பென்சிலையும் செருகிக்குங்க. கூழைக்கடாவை வரையறதுக்கு இல்ல. அது நவம்பர்ல வந்தா மார்ச் வரைக்கும் அங்கேதான் இருக்கும். நாம பார்க்கப்போறது வேற ஜாதிப் பறவை!

செங்கல்பட்டு தாண்டி வேடந்தாங்கலுக்குத் திரும்புற இடம் படாளம். அங்கேயே சென்னை - விழுப்புரம் ரயில்பாதையில ஒரு சின்ன ஸ்டேஷனும் இருக்கு. டிக்கெட் எடுத்துட்டு பிளாட்பாரத்துல உட்காருங்க (தண்டவாளத்துப் பக்கம் வேண்டாம், உசுரு முக்கியம்!). கூட்ஸ் வண்டி வந்தா எல்லாரும் இன்ஜினைப் பார்ப்பாங்க. நீங்க பொறுமையா கடைசிப் பெட்டிக்குக் காத்திருங்க. ரெண்டு பக்கமும் சின்னத் திண்ணை, நடுவுல ஒரு ரூம்... அதுதான் பிரேக் வேன். நாம 'கார்டு பெட்டி'ன்னு சொல்லுவோம். அமெரிக்காவுல இதோட ஒண்ணுவிட்ட அண்ணன் பேரு 'கபூஸ்'.

சும்மா ஒட்டிக்கிட்டு வர்ற பெட்டி இல்லைங்க இது. நடுவழியில கப்ளிங் அறுந்து பாதி வண்டி நின்னுபோச்சுன்னா, உள்ளே இருக்கிற ஹேண்ட் பிரேக்கை இறுக்குறவர் கார்டுதான். அப்புறம் பின்னாடி நடந்துபோய் 600 மீட்டர்ல ஒண்ணு, 1200 மீட்டர்ல மூணுன்னு தண்டவாளத்துல டெட்டனேட்டர் கட்டணும். அடுத்த வண்டி அதுமேல ஏறினா, 'டமால்'! டிரைவர் உஷார். பகல்ல அந்தப் பெட்டிக்குப் பின்னாடி தொங்குற 'எல்.வி.' பலகை, ராத்திரியில சிவப்பு விளக்கு... இதைப் பார்த்துத்தான் 'வண்டி முழுசா வந்துடுச்சு'ன்னு ஸ்டேஷன்ல முடிவு பண்ணுவாங்க.

ரொமான்ஸா இருக்கா? கொஞ்சம் பொறுங்க. பழைய நாலு சக்கர வேன்ல லைட்டும் கிடையாது, டாய்லெட்டும் கிடையாது. குலுங்கற குலுங்கல்ல முதுகு கழண்டுடும். எட்டு சக்கர 'பி.வி.இசட்.ஐ.' ரகம் வந்தது பெரிய ஆறுதல். 2022 ஜனவரியில கார்டுக்கு 'டிரெயின் மேனேஜர்'னு பேர் மாத்தினாங்க. ஆனா பெட்டிக்கே இப்ப ஆபத்து! அமெரிக்காவுல 1980-கள்ல கபூஸைக் கழட்டிட்டு, மினுக்குற சிவப்பு விளக்கோட ஒரு குட்டிப் பெட்டியை மாட்டினாங்க. அதே மாதிரி 'ஈ.ஓ.டி.டி.' கருவி இங்கேயும் வர ஆரம்பிச்சாச்சு.

அங்கே கழட்டின கபூஸையெல்லாம் ஆளுங்க வாங்கி ஓட்டலாக்கினாங்க, தோட்டத்துல நிறுத்தி வெச்சாங்க. நம்ம பாக்கெட் மணிக்கு அதெல்லாம் ஆகுமா? மில் போர்டும் ஃபெவிகாலும் போதும்! வண்டி கடக்கும்போது ஜன்னல் எத்தனை, படி எங்கே, கைப்பிடி எப்படின்னு கிறுக்கிடுங்க. ஒரே வண்டியில முடியாது, நாலஞ்சு பார்க்கணும். ஹெச்.ஓ. அளவுன்னா 87-ல் ஒரு பங்கு. இதுல ஒரு சிக்கல்: கடையில கிடைக்கிற ஹெச்.ஓ. தண்டவாளம் 16.5 மி.மீ., வெளிநாட்டு அகலம். நம்ம 1676 மி.மீ. பிராட்கேஜைச் சுருக்கினா 19 மி.மீ.க்கு மேல வருது. அதுல ஓட்டினா நம்ம வேன் ஒல்லிக்கால் நாரை மாதிரி நிக்கும். ஓட்டாம ஷெல்ஃப்ல வைக்கிறதா இருந்தா சக்கரத்தையும் நீங்களே செஞ்சுடுங்க, அதான் அழகு.

வேடந்தாங்கல் ஊர்க்காரங்க பறவைக்காக 1798-லேயே வெள்ளைக்காரன்கிட்ட எழுதி வாங்கினாங்க. எச்சம் கலந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரமாச்சே! கார்டு பெட்டிக்கு அப்படி வாதாட ஊரு இல்ல. சென்னை ஐ.சி.எஃப். பக்கத்துல 2002-ல் திறந்த ரயில் மியூசியத்துக்கும், புனேயில 1998-ல் திறந்த ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியத்துக்கும் ஒரு லீவு நாள்ல போய் வாங்க. மாடலை எவ்வளவு நுணுக்கமா செய்யலாம்னு புரியும். அதுக்கு முன்னாடி படாளம்... அதோ, சிக்னல் விழுந்துடுச்சு!