பருவம் கடந்த பயணம்

ஊர் பார்க்கப் புறப்படுவோர் நாள் பார்ப்பதற்கு முன் பருவம் பார்ப்பது வழக்கம். நுவரெலியாவுக்குச் சித்திரை, கதிர்காமத்துக்கு ஆடி, கிழக்குக் கடற்கரைக்கோ சித்திரை முதல் புரட்டாசி வரை. ஐப்பசியில் மாரி தொடங்கி வாடைக்காற்று வீச ஆரம்பித்ததும் அக்கரையில் கடல் கலங்கும், வானம் இருளும், அறுகம்குடாவின் விடுதிகளிற் பல கதவடைத்துக்கொள்ளும். இக்காலத்துக்கு விடுதிக்காரர் வைத்திருக்கும் பெயர் 'ஓஃப் சீசன்'. அத்தகைய காலத்திலேதான், 2025 ஜனவரியில், நாம் இருவரும் கண்டியிலிருந்து கல்முனைக் கரைக்குப் புறப்பட்டோம்.

காரணம் இரண்டு. முதலாவது, ஓய்வூதியக்காரருக்கு ஏற்ற வாடகை மாரியிலேதான் கிடைக்கும். இரண்டாவது சற்றுப் பெரியது. முப்பத்து நான்கு ஆண்டு இல்வாழ்க்கையில் நாம் இருவர் மட்டும் எங்கும் போய்த் தங்கியதில்லை. பிள்ளையின் படிப்பு, வீட்டுக் கடன், பெற்றோரின் நோய், திருமணம் என்று ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்போது எமது ஒரே மகள் தொறொன்ரோவில் இருக்கிறாள். வீட்டை விற்றுவிட்டுத் தன்னிடமே வந்துவிடும்படி ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைக்கிறாள். எம்மில் ஒருவர் போகலாம் என்றார். மற்றவர் வேண்டாம் என்றார். யார் எதைச் சொன்னவர் என்று இங்கே எழுதிப் பயனில்லை; வாரத்துக்கு வாரம் கட்சி மாறிக்கொண்டேயிருந்தோம். வீட்டுச் சுவர்களுக்குள் தீராத வழக்கை வெளியே கொண்டுபோய்ப் பேசித் தீர்ப்போம் என்பதே பயணத்தின் உள்நோக்கம்.

மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவுகளையும் கடந்து, மகாஓயா வழியாக அம்பாறையை அடைந்தது பஸ் வண்டி. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் சம்மாந்துறை. அதன்பின் கடலோரத்துக் காரைதீவுச் சந்தி. வழி நெடுகிலும் இருமருங்கும் வயல். பட்டிப்பளை ஆறு என்று தமிழர் வழங்கிய கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து, 1949ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தால் உண்டானது சேனநாயக்க சமுத்திரம். அந்நீரும் மாரி மழையும் சேர்ந்தே இவ்வட்டைகளை விளைவிக்கின்றன. கோடையில் வருகிறவர் கடலின் நீலத்தைக் காண்பார். மாரியில் வருகிறவர் கண்ணுக்கெட்டிய தூரம் பெரும்போகத்தின் பச்சையைக் காண்பார்.

ஆயினும் இப்பச்சைக்கு ஒரு விலையுண்டு. காரைதீவை அணுகுமுன் மாவடிப்பள்ளி வருகிறது. 2024 நவம்பர் 26ஆம் நாள் இவ்விடத்தில் வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளத்தைக் கடக்க முயன்ற உழவு இயந்திரமொன்று அடித்துச் செல்லப்பட்டது. மதரசாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்கள் பலர் அதிலே மாண்டனர். நாம் சென்றபோது இரண்டு மாதமும் ஆகவில்லை. வண்டி அவ்விடத்தைக் கடக்கையில் உள்ளேயிருந்த பேச்சொலி தானாகவே அடங்கிற்று. 'ஓஃப் சீசன்' என்பது வந்துபோகிறவன் வைத்த பெயர். அங்கேயே வாழ்கிறவனுக்கு அதுவே விளைச்சலின் காலம், அதுவே ஆபத்தின் காலம் என்பதை அம்மௌனம் எமக்கு உணர்த்திற்று.

பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என வடக்கிலிருந்து தெற்காக இவ்வூர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. ஒன்றில் பள்ளிவாசல் ஓங்கி நிற்கும். அடுத்ததில் கோயிற் கோபுரம். பாண்டிருப்பில் திரௌபதை அம்மனுக்குத் தீமிதிப்பு. அதற்கு வடக்கே மருதமுனையில் தறியோசையும் பாங்கொலியும். தமிழரையும் முஸ்லிம்களையும் 'பிட்டும் தேங்காய்ப்பூவும்' என்று ஒப்பிடுவது இப்பகுதியில் பழகிய பேச்சு. போர்க் காலத்தில், சிறப்பாக 1990ஆம் ஆண்டையொட்டி, அப்பிட்டிலே இரத்தமும் கலந்தது என்பதை மறைத்துப் பேசுவது முறையன்று. எனினும் இருசாராரும் பேசும் மொழி ஒன்று. உண்ணும் சோறு ஒன்று. அஞ்சும் வெள்ளமும் ஒன்றுதான்.

கல்முனையில் கடலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு வீட்டின் முன்னறை எமக்கு வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்கார அம்மையாருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். ஊர் வழக்கப்படி நாமும் அவரை 'ராத்தா' என்றே அழைத்தோம். முதல்நாள் மாலை இடியப்பமும் மீன் சொதியும் கொண்டுவந்து வைத்தவரிடம், "சீசன் இல்லாத நேரத்தில் வந்து உங்களுக்கு வேலை தந்துவிட்டோம்" என்று உபசாரமாகச் சொன்னோம். அவர் சிரித்தார்.

"அது உங்கட சீசன், தங்கச்சி. மாரி பெய்யாட்டி எங்களுக்குச் சோறு ஏது?"

மறுநாள் காலையில் மழை சிறிது விட்டிருந்தது. கடற்கரைக்குப் போனோம். தோணிகள் மேட்டில் ஏற்றப்பட்டிருந்தன. சோழகக் காலத்தில் கரைவலை இழுக்கும் மணல்வெளியை இப்போது அலை பாதிக்குமேல் தின்றிருந்தது. வாடிகளில் ஆண்கள் வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். கோடையில் வந்திருந்தால் எம்மை ஏறெடுத்துப் பார்க்கவும் அவர்களுக்கு நேரமிராது; மாரியிலோ ஒரு தேநீர் முடியுமட்டும் இருந்து பேசினார்கள். மருதமுனையிலும் அவ்வாறே. அவ்வூர்க் கைத்தறிச் சாறனும் சேலையும் நாடறிந்தவை. சாயமிட்ட நூல் வெயிலில்லாமல் உலர மறுக்கிறது என்று சொன்ன நெசவாளி ஒருவர், அந்த ஓய்வில் பாவு ஓட்டுவதையும் நாடா எறிவதையும் எமக்குப் பொறுமையாகக் காட்டினார். அவர் தறியிலிருந்து ஒரு சாறனும் ஒரு சேலையும் வாங்கிக்கொண்டோம்.

கல்முனைக் கரையில் யாவரும் காணவேண்டிய இடம் கடற்கரைப் பள்ளிவாசல். நாகூரில் அடங்கியிருக்கும் சாகுல் ஹமீது ஆண்டகை பெயரால் எழுந்தது அது. ஆண்டகையின் அடக்கம் இங்கில்லை; இருப்பது அவர் நினைவு மட்டுமே. இருநூறு ஆண்டுகளாக ஜமாதுல் ஆகிர் மாதத்தில் கொடியேற்றம் நடந்து வருகிறது. நாம் சென்றபோது விழா முடிந்து, மினாராவைக் காற்று மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி முதலில் அறைந்த வரிசை இதுதான். இலங்கையில் அன்று மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை. மாண்டோர் தொகை பத்தாயிரத்துக்கு மேல். மருதமுனை முதல் காரைதீவு வரை கடலோரத் தெருக்கள் பல அப்படியே துடைத்தெறியப்பட்டன.

அந்த இழப்பின் உட்பொருளை எமக்கு விளக்கியவர் ராத்தாதான். இக்கரையில், முஸ்லிம்களிடையேயும் தமிழரிடையேயும், 'குடி' என்பது தாய்வழி வருவது. திருமணமானால் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்குச் சீதனம். மூத்தவளுக்குத் தாம் இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, பெற்றோர் அடுத்த வளவில் சிறு வீடு கட்டிக்கொண்டு போவார்கள். பிறகு அதுவும் இளையவளுக்கு. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, அக்கரைப்பற்றை மையமாக வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட நூலில் இவ்வழக்கத்தை விரிவாக எழுதியிருக்கிறார்.

ராத்தாவுக்குப் பெண்கள் மூவர். மூத்தவளுக்குக் கொடுத்த கடலோர வீட்டைச் சுனாமி கொண்டுபோயிற்று, பிள்ளைகள் தப்பினார்கள். இரண்டாமவளுக்கென்று வைத்திருந்த கல்லையும் மரத்தையும் கொண்டு மூத்தவளுக்கு மறுபடி கட்டினார்கள். பிறகு இரண்டாமவளுக்கு, பிறகு மூன்றாமவளுக்கு. அவருடைய கணவர் கடைசி வீட்டின் கூரை ஏறிய ஆண்டிலேயே காலமானார். சுனாமிக்குப் பின் நிவாரண வீடுகள் எழுதப்பட்டபோது, 'குடும்பத் தலைவர்' என்று பல இடங்களில் ஆணின் பெயரே பதியப்பட்டதையும், தாய்வழி வந்த பெண்ணின் வீடு அவ்வாறு கைமாறியதைப் பெண்கள் அமைப்புகள் எதிர்த்துக் கேட்டதையும் இங்கே நினைவுகூர வேண்டும். இக்கரையில் வீடென்பது பெண்ணின் நிலைப்பாடு, வெறும் சுவரன்று.

"எல்லாவற்றையும் கொடுத்துவிட்டீர்களே, உங்களுக்கென்று என்ன இருக்கிறது?" என்று கேட்டோம்.

"இந்தா, இந்த அறையும் அந்த அடுப்பும். மகள்ட வீட்டுக்குள்ள நான் இல்ல, வளவுக்குள்ள இருக்கன். கூப்பிட்டா கேக்கும், கூப்பிடாட்டி என்ர பாடு."

அன்றிரவு ஓட்டின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மின்சாரமும் நின்றுபோயிற்று. வேறு செய்வதற்கு ஒன்றுமில்லாத அந்த இருட்டில், பல ஆண்டுகளாக ஒருவரிடமொருவர் கேளாதிருந்தவற்றையெல்லாம் கேட்டோம். 'போகலாம்' என்ற வாரங்களில் எம்மை ஆட்டிய பயம் எது, 'வேண்டாம்' என்ற வாரங்களில் ஆட்டிய பயம் எது என்று பேசினோம். இருவருக்கும் இருந்தது ஒரே பயம்தான்: முந்திப் போகிறவரைப் பற்றியதன்று, பிந்தி இருக்கப்போகிறவரைப் பற்றியது. தனியே எஞ்சுகிறவர் கண்டியில் யாருமின்றி இருப்பதா, பனி நாட்டில் மகள் வீட்டில் ஓர் அறையில் இருப்பதா என்பதே எமது வழக்கின் சாரம். அதை வாய்விட்டுச் சொல்ல முப்பத்து நான்கு ஆண்டும் ஒரு மழையும் வேண்டியிருந்தன.

அடுத்த இரு நாளும் தெற்கு நோக்கிப் பயணம். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் துறவி, தமிழ்ப் பேராசிரியர், 'யாழ் நூல்' தந்தவர். இந்தச் சிற்றூரிலிருந்து புறப்பட்டு அண்ணாமலையிலும் பின்னர் இலங்கையிலும் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். நிந்தவூரைத் தாண்டினால் களியோடைப் பாலம். மாரியில் இவ்வாறுகளின் முகத்துவாரங்களை மணல் அடைத்துக்கொள்ளும். வெள்ளம் வயலில் ஏறும். அப்போது மணலை வெட்டி ஆற்றைக் கடலுக்கு விடுவார்கள். காலந்தாழ்த்தி வெட்டினால் நெல் அழுகும். முந்தி வெட்டினால் களப்பிலுள்ள இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும் என்பது மீனவர் முறையீடு. ஒலுவிலில் 1990களில் எழுந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இளைஞர் கூட்டத்தால் கலகலப்பாயிருக்கிறது. 2013இல் திறந்த துறைமுகமோ பெரிதும் பயனின்றிக் கிடக்க, அதன் வடபால் கரையைக் கடல் அரித்து உள்ளே வந்துகொண்டிருக்கிறது. அக்கரைப்பற்றில் பன்பாயும் எருமைத் தயிரும். திருக்கோவிலில் அலையோசை கேட்டபடி வீற்றிருக்கும் முருகன். அறுகம்குடாவில் தென்னையோலைக் குடில்கள் பூட்டிக் கிடந்தன. நாய் ஒன்று மட்டும் எம்மை வரவேற்றது. வெளியாருக்காகவே ஆடை புனையும் இடம் வெளியார் இல்லாதபோது உறங்குகிறது. தனக்காக வாழும் கல்முனைக்கு உறக்கமில்லை.

இல்வாழ்க்கைக்கும் இப்படியொரு பருவக் கணக்கு உண்டென்று எமக்குத் தோன்றிற்று. பிள்ளைகளும் விருந்தினரும் நிறைந்திருந்த காலத்தையே வாழ்க்கை என்றும், பின்வருவதைக் கதவடைத்த காலம் என்றும் எண்ணிக்கொள்கிறோம். வயலைப் பார்த்தவர் அவ்வாறு எண்ணார்.

மாரியில் இக்கரைக்குப் போக விரும்பும் வாசகர்களுக்குச் சில சொற்கள். கடலில் இறங்கவேண்டாம், பார்த்துவிட்டுத் திரும்புங்கள். வெள்ள அறிவிப்பைக் கேட்டறிந்து புறப்படுங்கள். நீர் மூடிய வீதியை எந்த வண்டியிலும் கடக்கவேண்டாம். வெள்ளி நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைகள் அடைத்திருக்கும். அதற்கேற்ப உணவை வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் உகந்த உடை கொண்டுசெல்லுங்கள். பெட்டியில் ஒரு நாளுக்கு இடம் விட்டுவையுங்கள்; மழை உங்களை ஒரு நாள் மறித்து வைக்கும், அந்நாளே சிறந்த நாளாகவும் இருக்கலாம்.

எமது வழக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கண்டி திரும்பிய வாரமே பிரசித்த நொத்தாரிசு ஒருவரிடம் சென்றோம். வீட்டை விற்கவில்லை. சீவிய உரித்தை எமக்கு வைத்துக்கொண்டு, மகளின் பெயருக்கு நன்கொடை உறுதி எழுதினோம். இருவரில் எவர் எஞ்சினாலும் அக்கூரையின் கீழ் அவருக்கு உரிமையுண்டு; வருகிறபோது மகளும் தன் வீட்டுக்கே வருகிறாள். முன்னறைகள் இரண்டையும் பல்கலைக்கழக மாணவியர்க்கு வாடகைக்கு விட்டு, பின்கட்டுக்கு நாம் மாறிக்கொண்டோம். கோடையில் மூன்று மாதம் தொறொன்ரோவுக்கு வருவோம் என்றும் எழுதினோம். மகள் முதலில் வருந்தினாள். பிறகு, பின்கட்டில் சமைக்க வசதி இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது; அடுப்பைத்தான் முதலில் வாங்கினோம்.