மலைநாட்டுப் பயணமும் எமது மூட்டை முடிச்சுகளும்



பெருநாள் கழிந்து இரண்டு நாட்கள் போனால் போதும், எமது கிழக்கு மாகாணத்து ஊர்களில் வாடகை வேனுக்குக் கிராக்கி வந்துவிடும். வாப்பா, உம்மா, உம்மம்மா, மாமி, மச்சான்மார், பிள்ளைகள் என்று பன்னிரண்டு பேர் ஒரே வேனில் ஏறி மலைநாட்டுக்குப் புறப்படுவார்கள். பாய், தலையணை, சட்டி, பானை, காஸ் அடுப்பு எல்லாம் பின்னால் ஏறும். மேல்நாட்டுக் குடும்பங்கள் 'கரவன்' என்று இழுத்துச் செல்லும் சக்கரம் பூட்டிய வீடு எம்மிடம் இல்லை. ஆனாலும் மூன்று நாட்களுக்கு அந்த வேன்தான் எமது சமையலறை, சாப்பாட்டறை, சில வேளை படுக்கையறையும்கூட.

'கரவன்' என்ற சொல்லும் எமக்கு அந்நியமானதல்ல. பாரசீக மொழியில் 'கார்வான்' என்றால் கூட்டமாகச் செல்லும் பிரயாணிகள். அரபியில் 'காஃபிலா' என்போம். 1344ஆம் ஆண்டு இப்னு பதூதா புத்தளத்திலிருந்து பாவா ஆதம் மலைக்குச் சென்றதும் ஆட்கள் சூழ ஒரு கூட்டமாகத்தான். அன்றைய காஃபிலாக்கள் வழியில் விட்டுச் சென்றவை ஒரு மழைக்கு மண்ணாகிவிடக் கூடியவை. இன்றைய எமது வேன் விட்டுச் செல்பவை எமது பேரப்பிள்ளைகளின் காலத்திலும் அங்கேயே கிடக்கும். மலைக்குப் போகுமுன் எதை ஏற்றுவது, எதை வீட்டிலேயே விட்டுவிடுவது என்று கொஞ்சம் பேசிக்கொள்வோமா?

அக்கரைப்பற்றிலிருந்து ஹப்புத்தளை வரை

அக்கரைப்பற்றில் சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்பட்டால் பொத்துவில், லாகுகலை, சியம்பலாண்டுவை, மொனராகலை, புத்தளை, வெல்லவாயா என்று ஏ4 வீதியிலேயே போகலாம். வெல்லவாயாவில் எல்ல வீதிக்குத் திரும்பியதும் வெயில் குறைந்து மலைக்காற்று முகத்தில் படும். வீதியோரத்திலேயே இராவணன் நீர்வீழ்ச்சி. அங்கு வேனை நிறுத்தாத குடும்பம் அரிது. பிள்ளைகள் தண்ணீரைக் கண்டு துள்ளுவார்கள். குரங்குகள் எமது கைகளில் உள்ள பொதிகளைக் கண்டு துள்ளும்.

பாறைகளுக்கிடையே ஒரு முறை குனிந்து பாருங்கள். ஷாம்பூ சஷேக்கள், பிஸ்கட் உறைகள், குளிர்பானப் போத்தல்கள், பிள்ளைகளின் பம்பர்ஸ். இவை வானத்திலிருந்து விழுந்தவையல்ல. எம்மைப் போன்ற குடும்பங்கள் வேனில் ஏற்றி வந்தவை. வழியின் குப்பை வழியில் பிறப்பதில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, உம்மாமார் சாமான் கட்டும்போதே அது பிறந்துவிடுகிறது. இதுதான் நான் இங்கு சொல்ல வந்த முக்கியமான விடயம்.

ஒரு கணக்குப் போடுங்கள். பன்னிரண்டு பேர், மூன்று நாட்கள். நாளுக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டை லன்ச் சீட்டில் சுற்றினால் 72 சீட்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு தண்ணீர்ப் போத்தல் வாங்கினால் இன்னும் 72 போத்தல்கள். ஒரே ஒரு வேனின் கதை இது.

யானையின் வயிற்றில் எமது பொதி

அம்பாறை மாவட்டத்து வாசகர்களுக்குப் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பக்கத்து ஊர்களின் குப்பை அங்கே கொட்டப்பட்டது. சோற்று வாடைக்கு வந்த காட்டு யானைகள் சோற்றோடு சேர்த்துப் பொலித்தீனையும் விழுங்கின. எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் இவ்வாறு இறந்ததாக 2022 ஜனவரியில் செய்திகள் வெளிவந்தன. யானைக்குப் பொலித்தீன் மேல் ஆசையில்லை. பொலித்தீனில் ஒட்டியிருக்கும் எமது கறியின் உப்பும் எண்ணெயும்தான் அதனை இழுக்கின்றன. ஊரிலுள்ள குப்பை மேட்டில் நடந்தது வீதியோரத்துப் பற்றைக்குள் நடக்க எவ்வளவு நேரம் செல்லும்?

சட்டமும் சும்மா இருக்கவில்லை. 2017 செப்டெம்பரில் லன்ச் சீட்டும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டியும் தடை செய்யப்பட்டன. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, முள்ளுக்கரண்டி, ஸ்ட்ரோ, இடியப்பத் தட்டு ஆகியவையும் அந்த வரிசையில் சேர்ந்தன. ஆனால் வீதியோரத்தில் நிற்கும் ஒவ்வொரு வேனுக்குப் பின்னாலும் பொலிஸ்காரர் ஒருவர் நிற்க முடியாது. அந்த இடத்தில் எமது மனச்சாட்சிதான் நிற்க வேண்டும்.

சஹன் இருக்கக் கவலை ஏன்?

இதற்கு மாற்று வழியைக் கடைகளில் தேடத் தேவையில்லை. எமது வீடுகளிலேயே இருக்கிறது. கல்யாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே சஹனில் சாப்பிடுகிறோம் அல்லவா? பன்னிரண்டு பேருக்கு இரண்டு சஹன் போதும். பன்னிரண்டு தட்டுக் கழுவும் தண்ணீரும் மிச்சம், லன்ச் சீட்டும் இல்லை. முதல் நாள் பகல் சாப்பாட்டுக்கு வாழையிலையை நெருப்பில் வாட்டிக் கட்டுச்சோறு கட்டுங்கள். வாட்டிய இலை கிழியாது. சோறும் மணக்கும்.

பழுதாகாத சாமான்களை மூடியுள்ள டின்களில் கொண்டு போங்கள். சீனிச் சம்பல், மாசிச் சம்பல், ரொட்டி, பேரீச்சம்பழம், வாழைப்பழம் இருந்தால் பிள்ளைகள் பொதியில் அடைத்த நொறுக்குத் தீனியைக் கேட்பது குறையும். தேயிலை, சீனி, பால்மா ஆகியவற்றைச் சிறு பக்கட்டுகளாக வாங்காமல் வீட்டு டின்னிலிருந்தே நிரப்பிக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் கோப்பை கொடுத்து, அதனைப் பாதுகாக்கும் பொறுப்பையும் அவரவரிடமே விட்டுவிடுங்கள்.

இருபது லீற்றர் தண்ணீர்க் கேன் மூன்று ஏற்றினால் கடையில் போத்தல் வாங்கத் தேவையில்லை. பண்டாரவளையில் நிரப்பிக்கொள்ளலாம். குழாய் பூட்டிய கேனாக இருந்தால் சிந்தாது. வுழூவுக்கு ஒரு கெண்டி போதும். நபியவர்கள் ஒரு 'முத்து' அளவு தண்ணீரில் வுழூ செய்ததாக நாம் ஓதியிருக்கிறோம். இன்றைய அளவில் அது முக்கால் லீற்றருக்கும் குறைவு. அந்தக் கணக்கில் பன்னிரண்டு பேருக்கும் ஒன்பது லீற்றர் தாராளம். பிரயாணிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகைப்படி லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதால் ஒரு முறை வேன் நிறுத்தி ஒரு முறை வுழூ செய்வதோடு முடிந்துவிடும்.

ஹோட்டன் சமவெளியில்

பண்டாரவளையிலோ ஹப்புத்தளையிலோ இரவைக் கழித்துவிட்டு, பொரலந்தை, ஒஹிய வழியாக அதிகாலையில் ஹோட்டன் சமவெளிக்கு ஏறுங்கள். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கும் உயரமான புல்வெளி அது. 1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. சுமார் ஒன்பது கிலோமீற்றர் சுற்றி நடந்தால் உலக முடிவையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் பார்க்கலாம். உலக முடிவில் நிலம் திடீரென்று முடிந்து சுமார் 870 மீற்றர் ஆழத்துக்கு இறங்குகிறது. பகலாகுமுன் பனிமூட்டம் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். எனவே நேரத்துடன் போவது நல்லது.

வாசலில் அதிகாரிகள் உங்கள் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். பொலித்தீன் உறைகளை எடுத்துவிடுவார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளைக்கூட உரித்துவிட்டே அனுமதிப்பார்கள். சிலருக்கு இதில் கோபம் வருவதுண்டு. கோபப்படாதீர்கள். அந்தப் புல்வெளியில் மேயும் மரைகளுக்கு உப்பு எது, உறை எது என்று தெரியாது. பார்க்க அழகாக அருகில் வந்து நிற்கும். பிள்ளைகள் பிஸ்கட் நீட்டுவார்கள். நீட்ட விடாதீர்கள். மனிதர் கையில் தின்னப் பழகிய மிருகம் அடுத்து மனிதரின் குப்பையைத் தேடும்.

அங்கே இன்னொரு விடயத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று கங்கைகளுக்கும் நீர் தரும் ஓடைகள் இந்த மலைப் பகுதியில்தான் பிறக்கின்றன. களனி நீரை அம்பத்தளையில் சுத்திகரித்துத்தான் கொழும்பு மக்கள் குடிக்கிறார்கள். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, பொலன்னறுவை வயல்களுக்கும் நீர் கொடுத்து, மூதூருக்கருகே கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. மலையில் ஓடைக்குள் விழும் ஒரு சவர்க்கார உறையின் முகவரி, கடைசியில் எமது மீனவர்களின் வலையாகவும் இருக்கலாம்.

தங்கும் இடத்து ஒழுங்குகள்

பூங்காவுக்குள் கூடாரம் அடிப்பதானால் வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். எங்கே தங்கினாலும் விறகு பொறுக்கி நெருப்பு மூட்டாமல் காஸ் அடுப்பிலேயே சமையுங்கள். காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும்.

ஓடைக்குள் சட்டி கழுவுவதும் சவர்க்காரம் போட்டுக் குளிப்பதும் வேண்டாம். 'இயற்கைச் சவர்க்காரம்' என்று எழுதியிருந்தாலும் அது உக்குவதற்கு மண் வேண்டும். ஓடும் நீரில் அது மீனுக்குப் பகைதான். ஓடையிலிருந்து எண்பது அடி வைத்து அப்பால் வந்து, வாளியில் எடுத்த தண்ணீரால் கழுவி மண்ணில் ஊற்றுங்கள். எச்சில் சோற்றை முதலில் வழித்தெடுத்துவிட்டு, தும்பும் சாம்பலும் கொண்டு தேய்த்தால் சவர்க்காரமே தேவைப்படாது.

மலசலகூடம் இல்லாத இடத்தில் அவசரம் வந்தால் நீர்நிலை, பாதை, மக்கள் ஒதுங்கும் நிழல் மூன்றையும் தவிர்க்க வேண்டும் என்பது நாம் சிறு வயதில் ஓதிய பாடமே. ஒரு சிறு மண்வெட்டி கொண்டு போங்கள். ஒரு சாண் குழி வெட்டி மூடிவிட்டால் அடுத்து வருபவருக்குத் தொல்லையில்லை. பச்சைப் பிள்ளை இருந்தால் துணி நெப்கின்களும் மூடியுள்ள வாளி ஒன்றும் உம்மாவின் சாமான்களில் இருக்கட்டும். பெண்களின் தேவைக்கான பொருட்களையும் பத்திரிகைத் தாளில் சுற்றி அதே வாளியில் வைத்து ஊருக்கே கொண்டு வந்துவிடலாம்.

இறுதியாக, வேனின் பின் கதவில் ஒரு வெற்றுச் சாக்கைக் கட்டிவிடுங்கள். போத்தல், டின், உறை எல்லாம் அதற்குள். பிளாஸ்டிக்கை எரிக்க வேண்டாம், அந்தப் புகை நஞ்சு. சாக்கு எம்மோடு வீடு வரட்டும். ஒவ்வொரு தரிப்பிலும் எல்லோரும் ஏறியபின் இறங்கி நிலத்தைப் பார்த்துவிட்டு வரும் வேலையைக் குடும்பத்தின் ஆகச் சின்னப் பிள்ளைக்குக் கொடுங்கள். நிலத்துக்கு மிக அருகில் இருக்கும் கண் அதுதான். நாம் காணாத மிட்டாய்த் தாளையும் அது கண்டுபிடித்துவிடும். அந்தப் பிள்ளை 'ஒன்றுமில்லை வாப்பா' என்று சொன்ன பிறகு சாரதி வேனை எடுக்கட்டும்.