தம்பியின் பதினான்கு பங்கு



எங்கள் அத்தா வஃபாத்தாகி, அம்மாவின் இத்தா முடிந்த மறுவாரம், நிலத்தைப் பிரிப்பது குறித்துப் பேச உறவினர்கள் எங்கள் வீட்டில் கூடினார்கள். லப்பைக்குடிக்காட்டு வீடு முன்பே அம்மாவின் பெயரில் இருந்தது. எஞ்சியது குன்னம் பக்கத்தில் இருக்கும் நான்கு ஏக்கர் கரிசல் நிலம். பருத்தியும் மக்காச்சோளமும் மாறி மாறி விளைந்த நிலம் அது. வாரிசுகள் அம்மா, நாங்கள் இருவர், எங்கள் தம்பி. எங்களில் ஒருவர் பல்லாண்டு சவூதியில் உழைத்துத் திரும்பியவர். மற்றவர் அரியலூரில் வாழ்க்கைப்பட்டவர். தம்பிக்குப் பிறவியிலிருந்தே மூளை முடக்குவாதம். இருபத்திரண்டு வயதாகியும் தானாக எழுந்து நிற்க இயலாது, பேச்சும் இல்லை. ஆனால் கேட்பதையெல்லாம் புரிந்துகொள்வான். 'ஆம்' என்றால் கண்களை மேலே உயர்த்துவான். 'இல்லை' என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். இந்த மொழி எங்கள் வீட்டாருக்கு மட்டுமே தெரியும்.

அன்று கூடியிருந்தவர்கள் எவரும் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. "அவனுக்கு எதற்கு நிலம்? அண்ணன் பெயரில் இருக்கட்டும், அண்ணன்தானே பார்த்துக்கொள்ளப் போகிறான்" என்றார்கள். விடுதலைப் பத்திரம் ஒன்றை எழுதி, தம்பியின் பெருவிரலை மையில் தொட்டு வைத்தால் வேலை முடிந்துவிடும் என்றார் ஒரு பத்திர எழுத்தர். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்: எங்களுக்கும் அது எளிய வழியாகவே தோன்றியது. தம்பி அதே அறையில்தான் படுத்திருந்தான். அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை.

தடுத்தவர் எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத். முதலில் பங்கைக் கணக்கிட்டுச் சொல்லுங்கள் என்றார். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதத்தில் ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. மொத்தத்தை நாற்பது பங்காக வைத்தால் அம்மாவுக்கு ஐந்து, மகள் ஏழு, மகன்கள் ஒவ்வொருவருக்கும் பதினான்கு. நானூறு சென்டில் தம்பிக்கு உரியது நூற்று நாற்பது சென்ட். "நடக்க முடியாத மகனுக்கு ஒரு பங்கு குறைவு என்று வாரிசுரிமைச் சட்டத்தில் எங்கே இருக்கிறது?" என்று அவர் கேட்டபோது அறையில் பேச்சு நின்றது.

பிறகு அவர் இரண்டு வசனங்களை எங்களுக்கு விளக்கினார். ஒன்று, கடன் ஆவணம் எழுதுவது பற்றிய, குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகராவின் 282ஆவது வசனம். பொறுப்பாளர் ஒருவர் நீதியோடு எழுதச் சொல்ல வேண்டியவர்களாக அது மூவகையினரைத் தனித்தனியே குறிப்பிடுகிறது: அறிவு முதிராதவர், பலவீனர், தாமே வாசகம் சொல்ல இயலாதவர். மூன்றாம் வகையைக் கேட்டபோது எங்கள் தம்பியின் முகம்தான் எங்கள் முன் வந்தது. அவனுக்கு அறிவில் குறைவில்லை, வாய்தான் ஒத்துழைக்கவில்லை. அவர்களையும் ஒரே கூடையில் போடாத நுட்பத்தை இத்தனை ஆண்டுகள் ஓதியும் நாங்கள் கவனித்ததில்லை. மற்றொன்று அந்நிஸாவின் ஐந்தாவது வசனம். அங்கே உணவும் உடையும் கொடுக்கச் சொல்லும்போது, அந்தச் செல்வத்தி'லிருந்து' என்னாமல் செல்வத்தி'ல்' என்ற பொருள்படும் சொல்லே வந்திருக்கிறது. முதலைத் தின்றுவிடாமல், அதை வளர்த்து, அதன் விளைவில் அவர்களைப் பராமரிக்க வேண்டும் என்பதே அதன் குறிப்பு என்று விரிவுரையாளர்கள் எழுதியிருப்பதாக ஹஜ்ரத் சொன்னார்.

மார்க்கம் தெளிவாகிவிட்டது. காகிதம் எப்படி என்பது எங்களுக்குத் தெரியவில்லை. பதினெட்டு வயது வரை தந்தை இயல்பான காப்பாளர். அதன்பின் சட்டத்தின் பார்வையில் தம்பி முழு வயதினன். அவனுக்காக அண்ணனோ அம்மாவோ கையெழுத்திட்டால் செல்லாது. பெரம்பலூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருப்பதும், அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. ஏழைகளுக்கு மட்டும் என்றே நினைத்திருந்தோம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், பன்னிரண்டாம் பிரிவில், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பே வைக்கவில்லை. வெளிநாட்டுச் சம்பளம் வரும் வீட்டின் பிள்ளையாயினும் உரிமை உண்டு. 15100 என்ற எண்ணில் தொலைபேசியிலும் கேட்கலாம்.

அங்கு எங்களுக்கு வழிகாட்டிய வழக்கறிஞர் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தைப் பற்றிச் சொன்னார். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்காக இயற்றப்பட்டது அது. மாவட்ட ஆட்சியரும், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும், மாற்றுத்திறனாளி ஒருவரும் அடங்கிய உள்ளூர் நிலைக் குழு சட்டப்பூர்வ காப்பாளரை நியமிக்கும். இதற்காக நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியதில்லை. காப்பாளர் தேவைதானா, எந்தக் காரியத்துக்குத் தேவை என்பதைக் குழு முதலில் பரிசீலிக்க வேண்டும் என்று அச்சட்டமே சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமோ, சொத்தை உடைமையாகக் கொள்ளவும் வாரிசாகப் பெறவும் அவர்களுக்குப் பிறரோடு சமமான உரிமை உண்டு என்று பதின்மூன்றாம் பிரிவில் அறிவித்திருக்கிறது.

இந்த நோய் உள்ளவர்கள் எல்லோருக்கும் காப்பாளர் வேண்டும் என்று எண்ணிவிடக் கூடாது. ஜீஜா கோஷ் என்ற பெண்மணிக்கும் மூளை முடக்குவாதம்தான். 2012 பிப்ரவரியில் கொல்கத்தாவிலிருந்து கோவா செல்லும் விமானத்திலிருந்து அவர் இறக்கிவிடப்பட்டார். அவரே உச்ச நீதிமன்றம் சென்றார். 2016 மே மாதத்தில் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பானது. தம்பிக்கு அதைப் படித்துக் காட்டியபோது வெகுநேரம் கண்களை மேலேயே வைத்திருந்தான்.

காப்பாளராக அண்ணன் விண்ணப்பிப்பது என்றே வீட்டில் முடிவாகியிருந்தது. ஹஜ்ரத் மறுபடியும் குறுக்கிட்டார். பக்கத்துப் பங்கை வைத்திருப்பவனே தம்பியின் பங்கையும் காக்க வேண்டாம், வரப்பின் இருபுறமும் ஒருவரே நிற்பது நல்லதல்ல என்றார். எங்களுக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது. எங்களைச் சந்தேகிக்கிறாரா என்றுகூடப் பேசிக்கொண்டோம். இரண்டு நாள் கழித்துத்தான், சந்தேகம் எங்கள்மீது மட்டுமல்ல, எங்களுக்குப் பின் வரும் எங்கள் பிள்ளைகள்மீதும் என்று விளங்கியது. அம்மாவே விண்ணப்பித்தார். குழுவின் முன் தம்பியைச் சக்கர நாற்காலியில் கொண்டுசென்றோம். "அம்மா உன் நிலத்தைப் பார்த்துக்கொள்ளலாமா?" என்று அவனிடமே கேட்டார்கள். கண்கள் மேலே சென்றன. இருபத்திரண்டு ஆண்டில் வீட்டுக்கு வெளியே ஒருவர் அவனிடம் கேள்வி கேட்டு விடைக்காகக் காத்திருந்தது அன்றுதான்.

இதை எழுதத் தூண்டியது அரியலூரில் அக்கா வீட்டுக்கு அருகே வாழும் ஒரு சகோதரியின் நிலை. கணவர் வளைகுடாவில் காலமானார். மகளுக்கு ஒன்பது வயது, இதே நோய். நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று: இந்நாட்டு நீதிமன்றங்கள் பின்பற்றும் ஸுன்னத் வல் ஜமாஅத் தனியார் சட்டப்படி, வயது வராத பிள்ளையின் சொத்துக்குத் தந்தைக்குப் பின் தாய் தானாகக் காப்பாளர் ஆவதில்லை. தந்தை நியமித்தவர், அவரில்லையேல் தந்தைவழிப் பாட்டனார், பின் பாட்டனார் நியமித்தவர் என்பதே வரிசை. தாய் அன்பினால் வளர்க்கலாம். பிள்ளையின் நிலத்தை விற்க அவருக்கு அதிகாரமில்லை என்று 1918இலேயே பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்துவிட்டது. அந்தச் சகோதரி இப்போது 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றம் செல்ல, அரியலூர் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவியை நாடியிருக்கிறார். கணவர் உயிரோடு இருக்கையில், மனைவியை நிறைவேற்றாளராகவும் பிள்ளையின் சொத்துக்குப் பொறுப்பாளராகவும் நியமித்து ஒரு தாள் வஸிய்யத் எழுதியிருந்தால் இந்த அலைச்சல் இருந்திராது. வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் அடுத்த விடுமுறையில் ஊர் வரும்போது முதலில் செய்ய வேண்டிய வேலை இது.

இன்னொன்றையும் பெற்றோர் சிலர் கேட்கிறார்கள்: இயலாத பிள்ளைக்குக் கூடுதலாக வஸிய்யத் எழுதலாமா? வாரிசுக்கு வஸிய்யத் இல்லை. மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றிச் செல்லாது. வாழும் காலத்திலேயே ஹிபாவாகக் கொடுத்து, கைவசத்தையும் ஒப்படைக்கலாம். பிள்ளைகளுக்குள் கொடையில் சமம் பேண வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் கண்டிப்பான வழிகாட்டல். எனினும் நீங்கா நோய், கண்பார்வையின்மை போன்ற தேவைக்காக ஒரு பிள்ளைக்குக் கூடுதலாகத் தருவதை இப்னு குதாமா போன்ற அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள். தத்தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டு, மற்ற பிள்ளைகளையும் அமரவைத்துப் பேசிச் செய்வது நல்லது. மறைத்துச் செய்த ஹிபா பின்னர் அந்தப் பிள்ளையையே வீட்டில் அந்நியனாக்கிவிடும்.

காப்பாளரான ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கையும் அம்மா அளிக்க வேண்டும். பழைய பள்ளி நோட்டு ஒன்றில் எழுதி வருகிறார். விதை, உழவு, களையெடுப்புக் கூலி, தம்பியின் இயன்முறை மருத்துவம், சக்கர நாற்காலிக்குப் புது டயர். மார்ச் முடிந்ததும் ஓர் இரவு இஷாவுக்குப் பின் அதை எடுத்துவைத்துக்கொண்டு, வரிவரியாகத் தம்பியிடம் வாசித்தார். டயர் விலை வந்த இடத்தில் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்மா மீண்டும் பார்த்தார். ஒரு டயருக்குப் பதில் இரண்டு டயர் என்று எழுதியிருந்தார். அடித்துத் திருத்தினார்.