கனிக்குள் கரந்த வண்டு

மாம்பழத்தைக் கையிலெடுத்து முகர்ந்து, காம்பை நோக்கி, தோலை மெல்ல அழுத்திப் பார்த்து வாங்குவோர், தாம் ஏமாறவில்லை என்ற நிறைவோடுதான் வீடு திரும்புகின்றனர். ஆனால் அறுக்கும்போது கொட்டையினின்று ஒரு கருவண்டு ஊர்ந்து வெளிவருமாயின், அத்தனை சோதனையும் வீணாகிறது. துளையே இல்லாத பழத்துள் வண்டு புகுந்தது எப்படி என்னும் வினா, சிறுவர் மட்டும் கேட்பதன்று.

மாங்கொட்டை வண்டு, காய் பிஞ்சாக இருக்கையிலேயே அதன் தோலின்மேல் முட்டையிட்டுவிடுகிறது. பொரித்து வரும் புழு இளஞ்சதையைத் துளைத்து, இன்னும் முற்றாத கொட்டைக்குள் நுழைகிறது. காய் பருக்கப் பருக்க அது சென்ற வழி தூர்ந்து, வடுவும் மறைகிறது. உள்ளே புழு பருப்பைத் தின்று, கூட்டுப்புழுவாகி, வண்டாகிறது. வெளியே பழமோ பொன்னிறம் பூண்டு நிற்கிறது! பிலிப்பைன்சின் பலவான் தீவில் காணப்படும் இதன் இனத்து வண்டு ஒன்று, கொட்டையை விட்டுச் சதையையே உறைவிடமாகக் கொள்கிறது.

கடல் கடந்து செல்லும் பழங்களுள் சிலவற்றை எடுத்து அறுத்துப் பார்ப்பதே சோதனை அதிகாரிகளின் பழைய வழக்கம். அறுத்த பழம் விற்பனைக்கு உதவாது. அறுக்காத பழத்தைப் பற்றி உறுதி கூற இயலாது. 2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்துக்குத் தடை விதித்தது. வந்த சரக்குகளில் பழ ஈ முதலிய பூச்சிகள் காணப்பட்டமையே அதற்குக் காரணம். 2015 சனவரியில் தடை நீங்கியதெனினும், இடையில் ஒரு பருவம் கழிந்துவிட்டது. பழுதற்ற பழம் விளைவித்த உழவனும் மற்றவனோடு சேர்ந்தே தண்டனை பெற்றான்.

1895ஆம் ஆண்டில் ரோன்ட்கன் கண்டறிந்த எக்ஸ் கதிர், மனிதனின் எலும்பைக் காட்டிப் புகழ்பெற்றது. அக்கதிரை மாம்பழத்தில் செலுத்திக் கொட்டை வண்டைக் கண்டறியலாம் என்பதை, பாபா அணு ஆராய்ச்சி நிலையத்து அறிஞர்கள் 1995இல் வெளியிட்ட ஆய்வு எடுத்துரைத்தது. நல்ல கொட்டையில் பருப்பு நிறைந்திருப்பதால் கதிர் எங்கும் ஏறத்தாழ ஒரே அளவாகத் தடைப்படும். வண்டு குடைந்த இடத்தில் தடை குறைவதால், அங்கே படம் கருமையாகத் தோன்றும். திருடனைக் காணாவிடினும், அவன் காலி செய்த பெட்டியைக் கண்டுவிடலாம் அன்றோ? ஆயின் முட்டையும் இளம்புழுவும் சதையைப் போலவே பெரும்பாலும் நீரால் ஆனவை. இன்னும் எதையும் தின்று தீர்க்காதவை. அவற்றைப் பிரித்துக் காட்ட இக்கதிர் பெரிதும் இடர்ப்படுகிறது.

1971இல் இலண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படம்பிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி, பொருளை அறுக்காமலே வில்லை வில்லையாகக் காட்டவல்லது. காந்த ஒத்ததிர்வுக் கருவியோ நீரிலுள்ள ஹைட்ரஜனைக் கொண்டு படம் வரைவதால், நீர் மிகுந்த கனிகளுக்கு இயல்பாகவே பொருந்துகிறது. இடையூறு விலையிலும் வேகத்திலும் உள்ளது. நோயாளி பல நிமிடங்கள் அசையாது படுத்திருப்பார். பழம் பொதியும் நிலையத்திலோ அதே நேரத்தில் கூடை கூடையாகப் பழங்கள் வந்து குவியும். ஓர் உயிருக்காகச் செய்யும் செலவை ஒரு மாம்பழத்துக்காக எவர் செய்வார்?

அமெரிக்கா வேறு வழியை ஏற்றது. 2007இல் இந்திய மாம்பழத்துக்கு அது கதவைத் திறந்தபோது, 400 கிரே அளவு கதிர்வீச்சு பெற்றிருக்கவேண்டும் என விதித்தது. இம்முறை எந்தப் பழத்தில் வண்டு உள்ளது என்று தேடுவதில்லை. எல்லாப் பழத்திலும் வண்டின் இனப்பெருக்க ஆற்றலை அழிக்கிறது. வண்டு உடனே சாகவேண்டும் என்பதுமில்லை. ஆதலால் முறையான சான்றிதழுடன் வந்த பழத்திலும் அது உயிரோடு ஊரக்கூடும். அரசுக்கு அது போதும். பழத்தை அறுத்த இல்லத்தரசிக்கோ, அவ்வண்டு இனிப் பெருகாது என்ற செய்தி சிறிதும் ஆறுதல் தராது.

தோட்டத்து உழவனுக்கு இக்கருவிகள் யாவும் இன்னும் தொலைவிலேயே உள்ளன. மரத்தடியில் உதிர்ந்த காய்களையும் எறிந்த கொட்டைகளையும் பொறுக்கி அழிப்பதும், பருவமற்ற காலத்தில் வண்டுகள் ஒடுங்கும் பட்டை வெடிப்புகளைக் கவனிப்பதுமே அவன் கைக்கு எட்டிய காப்பாக இருந்துவருகிறது.