ஷின்ஜுகு டு செவ்வாப்பேட்டை

ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கம் வராம ‘டோக்கியோ நைட் வாக்’ வீடியோ பாக்குற கோஷ்டியா நீங்க? அப்போ இது உங்களுக்குத்தான். மழை ஈரத்துல மின்னுற ஷின்ஜுகு தெரு, ஒசாகா டோட்டன்போரி கால்வாய் ஓரம் ரெண்டு கையையும் தூக்கிட்டு ஓடுற கிளிகோ வீரன்... கேமரா வெச்சிருக்கவர் ஒரு வார்த்தை பேசமாட்டார், சும்மா நடப்பார். நான் ஜப்பான் போனதில்லை. ஆனா அந்த வீடியோக்கள்ல என் கண்ணு போர்டு மேல நிக்கிறதில்லை. ஓரமா, காதுல ஹெட்போனோட, தனியா நடந்து போற பொண்ணு மேலதான் நிக்குது.

முதல்ல வெளிச்சத்தைப் பத்திப் பேசிடுவோம், நாம இன்ஜினியரிங் ஆளுங்களாச்சே. சிவப்பு எல்இடி 1962-லயே வந்துடுச்சு. நல்லா எரியிற நீலம் மட்டும் முப்பது வருஷம் கைக்கு வரலை. நீலம் இல்லைன்னா வெள்ளை எல்இடி பல்பும் இல்லை. அகசாகி, அமானோ, நகமுரான்னு மூணு பேர் காலியம் நைட்ரைடை விடாம பிடிச்சுக்கிட்டு அதைச் சாதிச்சாங்க. 2014 அக்டோபர்ல அவங்களுக்கு நோபல் பரிசு அறிவிச்சாங்க. அதே மாசம் கிளிகோ போர்டும் நியானை விட்டு எல்இடிக்கு மாறுச்சு.

அந்த எல்இடிதான் ஆடி மாசம் நம்ம கோட்டை மாரியம்மன் பண்டிகை சீரியல் செட்லயும் எரியுது. டெக்னாலஜி ஒண்ணுதான். அப்புறம் ஏன் அந்தப் பொண்ணு மாதிரி நம்மால நடக்க முடியலை?

போன ஆடியில, சேலத்துல இருக்கிற ஃப்ரெண்ட் வீட்ல தங்கினப்ப நாங்க ரெண்டு பேரும் ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பினோம். முதல்ல ஐந்து ரோடு. 2020-ல திறந்த ஈரடுக்கு மேம்பாலத்துல வரிசையா விளக்கு, சுத்தி ஜவுளிக்கடை, நகைக்கடை போர்டு. போட்டோ எடுத்தா ஜப்பான்னே சொல்லலாம். ஆனா தூண்களுக்கு நடுவுல வந்ததும் பேச்சை நிறுத்திட்டு வேகமா நடந்தோம். அங்க வண்டிதான் போகுது, யாரும் நிக்கிறதில்லை.

அடுத்து டவுன் பஸ் ஏறி (2021-லேர்ந்து நமக்கு டிக்கெட் கிடையாதே!) பழைய பஸ் ஸ்டாண்ட், பூ மார்க்கெட், அங்கிருந்து செவ்வாப்பேட்டை. ஒரு தள்ளுவண்டி, ஒரே ஒரு பல்பு. ரெண்டு தட்டைக்கு நடுவுல பீட்ரூட், கேரட், வெங்காயத் துருவல், சட்னி. தட்டுவடை செட்! வண்டிக்கார அக்கா, “இன்னொண்ணு போடட்டுமா கண்ணு?”ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பக்கத்துல பூக்கட்டுற பாட்டி, டியூஷன் முடிஞ்சு வந்த பசங்க, கைக்குழந்தையோட ஒரு குடும்பம். அரை மணி நேரம் அங்கேயே நின்னோம். ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கத் தோணலை.

ஜப்பான் வீடியோவை இப்போ மறுபடி பாருங்க. போர்டை விட்டுட்டு கீழ பாருங்க. விடிய விடியத் திறந்திருக்கிற சின்னச் சின்னக் கடை, ‘கோபன்’னு சொல்ற குட்டி போலீஸ் பூத், வேலை முடிஞ்சு ரயிலுக்குப் போற பெண்கள். அந்தப் பொண்ணு எல்இடியை நம்பி நடக்கலை, இந்த ஆளுங்களை நம்பி நடக்குறா.

இப்போ நம்ம ஹாஸ்டலுக்கு வருவோம். பசங்களுக்கு கேட் 9.30, நமக்கு 7. காரணம் கேட்டா “பாதுகாப்பு”. தட்டுவடை வண்டி சூடு பிடிக்கிறதே ஏழு மணிக்கு மேலதான். அந்த நேரத்துல நம்மளை எல்லாம் உள்ள வெச்சுப் பூட்டிட்டா, ரோட்டுல இருக்கிற பெண்களோட எண்ணிக்கை இன்னும் குறையும். வேலை முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கிற அக்கா இன்னும் தனியா நிப்பாங்க. இதுல யாருக்குப் பாதுகாப்பு?

பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யிற கடைங்க 24 மணி நேரமும் திறந்திருக்கலாம்னு 2019-லயே நம்ம அரசாங்கம் ஆணை போட்டாச்சு. ஊர் முழிச்சிருக்கத் தயாராத்தான் இருக்கு.

எனக்கு இன்னும் ஒரு செமஸ்டர்தான் பாக்கி. ஜூனியர்ஸ், அடுத்த ஹாஸ்டல் மீட்டிங்ல ரெண்டே விஷயம் கேளுங்க: ரெண்டு ஹாஸ்டலுக்கும் ஒரே கேட் டைம், சனிக்கிழமை ராத்திரி டவுன்லேர்ந்து திரும்பி வர ஒரு காலேஜ் பஸ். கிடைச்சா முதல் ட்ரிப்புக்கு என்னையும் கூப்பிடுங்க. தட்டுவடை செட் என் செலவு!